டிவி மேல் ஒரு மலை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து எங்கள் வீட்டு டிவி மேல் ஒரு மண்ணாங்கட்டி உட்கார்ந்திருக்கிறது.

யாரையும் திட்டவில்லை. நிஜமாகவே மண்ணாங்கட்டி. தேங்காய் மூடி அளவு இருக்கும். முன்பக்கத்தை யாரோ விரலால் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கியிருக்கிறார்கள். பின்பக்கம் பிய்த்தெடுத்த மாதிரி கரடுமுரடு. ஃபேன் போட்டால் தூசி வேறு உதிர்கிறது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். அந்த டிவி மேல் நான் எதையும் வைக்க விடமாட்டேன். என் கொழுந்தனார் ஆசையாக வாங்கிவந்த பிளாஸ்டிக் ரோஜா ஜாடிக்கே அங்கே இடம் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போய் அவர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது தனிக்கதை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மண்ணாங்கட்டி எப்படி ஏறி உட்கார்ந்தது...?

என் மகள் சிந்து மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். தேரடித் தெருவுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம். சொன்னால் தலைமையாசிரியர் குடையை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கே வந்துவிடுவார்.

முழு ஆண்டுப் பரீட்சைக்கும் கோடை லீவுக்கும் நடுவில் பள்ளிக்கூடங்களில் ஒரு வாரம் வரும். கவனித்திருக்கிறீர்களா? பாடம் முடிந்துவிட்டது, பரீட்சை முடிந்துவிட்டது, பள்ளிக்கூடம் மட்டும் முடியவில்லை. அந்த ஒரு வாரத்தை என்ன செய்வதென்று யாருக்குமே தெரியாது. நான் படித்த காலத்தில் பதினாறாம் வாய்ப்பாட்டை எழுதச் சொல்லிவிட்டு டீச்சர் ஸ்வெட்டர் பின்னுவார். திருவண்ணாமலை வெயிலில் அந்த ஸ்வெட்டரை யார் போட்டார்கள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சிந்துவின் வகுப்புக்கு செல்வி டீச்சர். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். சின்ன வயசு. வருஷம் பூராவும் அவர் மனதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 'சூரியன் எந்தத் திசையில் மறைகிறது?' என்று பரீட்சையில் கேட்டால் அத்தனை பிள்ளைகளும் 'மேற்கு' என்று எழுதி மார்க் வாங்கிவிடுகின்றன. 'மேற்கு எங்க இருக்குது, கையக் காட்டு' என்றால்... பாதிப் பேர் கரும்பலகையைக் காட்டுகிறார்கள். மீதிப் பேர் கூரையைக் காட்டுகிறார்கள்.

அதனால் அந்த யாருக்கும் வேண்டாத வாரத்தின் திங்கட்கிழமை, எல்லோருக்கும் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்திருக்கிறார்.

"மலைய வரைங்க. புக்கு பாக்கக் கூடாது. உங்க வீட்டு வாசல்ல நின்னா எப்பிடித் தெரியுமோ, அப்பிடியே வரையணும்."

'எந்த மலை டீச்சர்?' என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாங்கள் இருப்பது வேங்கிக்கால். என் வீட்டுக்காரருக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை என்பதால் அங்கே புதிதாக வந்த வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலை உச்சியோடு பக்கத்திலேயே ஒரு சின்ன மேடும் தெரியும். சிந்து அதையும் சேர்த்து வரைந்திருக்கிறாள். பெரிய மேடு ஒன்று, சின்ன மேடு ஒன்று.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் ரேவதி. செங்கம் ரோட்டில் வீடு. அவள் அம்மா அங்கே வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்த மாதிரி. ஒருத்தி டிபன் பாக்ஸில் இன்னொருத்தி கை இருக்கும். எங்கள் வீட்டுத் தயிர்சாதம் பாதி ரேவதி வயிற்றுக்குத்தான் போகிறது. அவர்கள் வீட்டுக் கடலைச் சட்னி சிந்துவின் யூனிபார்மில் இருக்கும்.

ரேவதி சிந்துவின் தாளை எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"இன்னாடி இது... ஒட்டகமா?"

அவ்வளவுதான்! சிந்து விடுவாளா? என் மகளாயிற்றே.

"உன்னுதுதான் மலையே இல்ல. கவுத்துப்போட்ட இட்லிக் குண்டான் மாதிரி இருக்குது."

இட்லியை இழுத்தால் ரேவதிக்குக் கோபம் வராதா? இரண்டு பேரும் சுண்டுவிரலை நீட்டி 'கா' விட்டுவிட்டார்கள்.

இந்தக் கலவரம் போதாதென்று, கிரிவலப் பாதையில் மலைக்கு அந்தாண்டை இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து வருகிற ஏழுமலை எழுந்து நின்று தன் படத்தைக் காட்டியிருக்கிறான். அதில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்க்கிறது. கீழே கொட்டை எழுத்தில், 'காலை'.

"டேய்... சாயங்காலம்தான்டா சூரியன் மலையாண்ட போவும்!" என்று வகுப்பே சிரித்திருக்கிறது.

"எங்க ஊர்ல காலீலதான் வரும். மலையிலேர்ந்துதான் வரும். வேணும்னா வந்து பாரு."

செல்வி டீச்சர் பின்னால் என்னிடம் சொன்னார்: "அந்த நிமிஷம் எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சிடுச்சுங்க. கிழக்கு மேற்குன்னு வருஷம் பூரா கத்திக் கத்திச் சொன்னேன், ஏறலை. அவன் ஒரே வரில சொல்லிட்டான்."

எல்லோர் படமும் சரிதான் என்று டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மலைதான் இருக்கிறது, அது எப்படி இத்தனை விதமாக இருக்கும்? நியாயமான கேள்வி. "சரி, செஞ்சே பாத்துடலாம்" என்றார் டீச்சர். வகுப்பறை நடுவில் களிமண்ணால் ஒரு மலை. அவரவர் வீட்டிலிருந்து தெரியும் பக்கத்தை அவரவர் செய்ய வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சிந்து இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் வரைஞ்சதுதான கரெக்ட்டு?" என்றாள்.

"பின்னே? ரெண்டு மேடுதான்" என்றார் அவள் அப்பா.

என்னால் சும்மா இருக்க முடிந்ததா? நான் தேரடித் தெருவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் மலைக்கு ஒரே உச்சி. நடுவில், கம்பீரமாக, ஒன்றே ஒன்று. கார்த்திகைக்கு அதன் மேல்தான் தீபம். இதில் இரண்டாவது மேடு எங்கிருந்து வந்தது?

"மாடிக்குப் போய்ப் பாரு" என்றார் அவர்.

"நீங்க எங்க தெருவுக்கு வந்து பாருங்க" என்றேன் நான்.

அன்றைக்கு எங்கள் வீட்டிலும் ஒரு 'கா' விழுந்தது.

டீச்சர் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கப் போனார். நெற்றி நிறையத் திருநீறும் கை நிறையச் சாவிக்கொத்துமாக இருப்பவர் அவர். நல்ல மனுஷர்தான். என்ன... பள்ளிக்கூடத்தில் சத்தமும் குப்பையும் இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

"மண்ணு வச்சி விளையாடறதுக்காம்மா பெத்தவங்க புள்ளைய அனுப்பறாங்க?"

"விளையாட்டு இல்ல சார். திசைப் பாடம்."

அரை மனதோடு ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாயங்காலம் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டிக்கொள்ளலாம். ஆறு மணிக்கு அறை சுத்தமாகக் காலியாக இருக்க வேண்டும். காரணம் சித்ரா பௌர்ணமி. கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்தைச் சமாளிக்க வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் போலீஸ்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தங்க இடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பறைகள்தான். சனிக்கிழமை காலையில் லாரி வந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை வேங்கிக்கால் ஏரியிலிருந்து களிமண் எடுத்துக்கொண்டு போனோம். அதாவது, என் வீட்டுக்காரர் மொபெட்டில் முன்னால் ஒரு கோணிப்பை, பின்னால் சிந்து, அவள் மடியில் இன்னொரு பை. ஆபீசுக்குப் போன மனிதரின் பேன்ட்டைப் பார்த்துவிட்டு, 'வயல் வாங்கிட்டீங்களா சார்?' என்று கேட்டார்களாம்.

மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு மூட்டை மண் கொண்டுவர, மலை வளர ஆரம்பித்தது. கோயில் பக்கத்துப் பிள்ளைகள் கிழக்கே உட்கார்ந்தார்கள். செங்கம் ரோட்டுப் பிள்ளைகள் தெற்கே. மேற்கே ஏழுமலையும் அவன் கூட்டாளிகளும். வேங்கிக்கால் கோஷ்டி வடக்கே. யோசித்துப் பாருங்கள்... சிந்துவும் ரேவதியும் நேர் எதிரெதிரே!

சிந்து தினமும் வந்து சொல்வாள்.

"இன்னிக்கி முட்டி வரைக்கும் வந்துடுச்சும்மா."

"இன்னிக்கி இடுப்பு வரைக்கும். கீழ உக்காந்தா அந்தாண்ட ரேவதி இருக்கறதே தெரியலை."

"நல்லதாப் போச்சு. அவ மூஞ்சியப் பாக்க வேணாம்னுதான சொன்ன?" என்றேன்.

தட்டில் சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். அந்த வாரம் டிபன் பாக்ஸ் பாதி நிரம்பியே வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. தயிர்சாதத்தில் பாதியைச் சாப்பிட ஆள் இல்லையே.

வியாழக்கிழமை படுக்கப் போகும்போது கேட்டாள்.

"அம்மா... லீவு வுட்டுட்டா அப்புறம் எப்பிடிப் பழம் விடறது?"

"ஏன்? நாளைக்கே போய் நீயே விட்டுடேன்."

"அவதான மொதல்ல ஒட்டகம்னா? அவதான் விடணும்."

"அவ விடலைன்னா?"

"அதாம்மா கேக்கறேன்! அவ வீடு செங்கம் ரோட்டுல. போன் கூடக் கெடையாது. லீவு முடியற வரைக்கும் காவாவே இருக்கும்."

எட்டு வயதில் கோடை லீவு எவ்வளவு நீளம் தெரியுமா? நமக்கெல்லாம் அது மாம்பழம் வந்து போகிற நேரம். அவர்களுக்கு அது ஒரு ஆயுசு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இந்த இரண்டு பெண்களும் பழம் விட்டால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். வகுப்பறை வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே கால் வைத்ததும் அசந்துபோனேன்.

மலை! என் மார்பு உயரத்துக்கு ஒரு மலை. பிள்ளைகள் கை வைத்துத் தடவித் தடவி அதற்கு ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. வேப்பங்கொத்துகள்தான் மரங்கள். சாக்பீஸ் பெட்டியில் கோபுரம். உச்சியில் ஆரஞ்சுக் கலர்க் காகிதத்தில் ஒரு தீபம். சுவரில் நான்கு பக்கமும் திசைகளின் பெயர்கள். நான் கிழக்கே நின்று பார்த்தேன். ஒரே உச்சி! 'எங்கே அந்த மனுஷன்?' என்று வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் வடக்கே நின்று இரண்டு விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். சுற்றிப்போய்ப் பார்த்தேன். இரண்டு மேடுதான். ஒப்புக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

சுற்றிப்போய் என்றேன் அல்லவா... எந்தப் பக்கமாகச் சுற்றினேன் என்று நினைக்கிறீர்கள்? அறையில் இருந்த அத்தனை பெற்றோரும் மலையை வலமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, அம்புக்குறி போடவில்லை. அவசரத்தில் இடமாக வந்த ஒருவரை, "இப்படிப் போங்க, இப்படி" என்று நாலு பேர் திருப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கால்கள் அப்படி.

அதுவரைக்கும்கூடப் பாதகமில்லை. அப்போதுதான் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றினார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிமிர்ந்தார். எதிரே மலை. அவ்வளவுதான். அவர் யோசிக்கவே இல்லை. கை தானாக எழுந்தது. இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டார். வாய், "அண்ணாமலைக்கு அரோகரா" என்றது.

"அரோகரா!" என்றது மொத்த அறையும்.

முடிந்தது கதை. அந்த நொடி வரைக்கும் அது திசைப் பாடம். அதற்கப்புறம் சாமி.

ரேவதியின் அம்மா கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கனகாம்பரச் சரத்தை மலைக்குச் சாத்தினார். இன்னொருவர் திருநீறு வைத்தார். எங்கிருந்தோ ஒரு தட்டு வந்தது. தட்டில் கற்பூரம் வந்தது. ஏழுமலை வலது கையை விரித்து, "தீவாராதனை பாத்துக்கோங்க, தீவாராதனை பாத்துக்கோங்க" என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டான். செல்வி டீச்சர் மட்டும் ஒரு ஓரமாக, திசைகளை விளக்குவதற்காக வைத்திருந்த குச்சியைக் கையில் பிடித்தபடி திகைத்துப்போய் நின்றார்.

மணி ஆறு ஆனது.

"சரி சரி, நேரமாச்சு" என்றார் தலைமையாசிரியர். "மங்கம்மா, மண்வெட்டி எடுத்தா. அள்ளிக் கொட்டிடு."

பள்ளிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கிற மங்கம்மா ஆயா மண்வெட்டியை எடுத்துவந்தார். மலையைப் பார்த்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? கனகாம்பரம் வச்சிருக்குது, துண்ணூறு வச்சிருக்குது. இப்பத்தான் சூடம் காட்னீங்க. நான் இத வெட்டுறதா? என்னால ஆவாது சார். நானும் புள்ளைகுட்டிக்காரி."

"அது மண்ணும்மா!"

"மண்ணுன்னா நீங்க எதுக்கு சார் கன்னத்துல போட்டுக்கினீங்க?"

தலைமையாசிரியரே மண்வெட்டியைக் கையில் எடுத்தார். அறை மொத்தமும் அவரையே பார்த்தது. ஓங்கினார். இறக்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், நீங்க கொஞ்சம்..." என்று என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரர், ஆபீசில் மேஜைக்கு மேஜை பகுத்தறிவு பேசுகிறவர், இரண்டடி பின்னால் நகர்ந்து என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். நானும் பெரிய வீராங்கனை இல்லை. யாரும் என்னைக் கேட்டுவிடக் கூடாதே என்று மும்முரமாகக் கைப்பைக்குள் எதையோ தேடினேன்.

அப்படியே தூக்கி வெளியே வைக்கலாம் என்றார் ஒருவர். அவ்வளவு ஈர மண், அடியில் ஒரு பலகைகூடக் கிடையாது. தூக்கினால் பிளந்துவிடும். அது இன்னும் பாவம்.

தலைமையாசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி. "இதுக்குத்தாம்மா நான் ஆரம்பத்துலயே வேணாம்னேன். காலைல போலீஸ் லாரி வந்து நிக்கும், நான் இன்னா பதில் சொல்லுவேன்? இனிமே இந்த மாதிரி எதுவும் கெடையாது. வாய்ப்பாடு எழுதச் சொல்லுங்க, போதும்."

செல்வி டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ இன்னொரு கவலை. சிந்து வடக்கே நிற்கிறாள். ரேவதி தெற்கே நிற்கிறாள். நடுவில் யாரும் கை வைக்க முடியாத மலை. இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் ஒரு ஆயுசு லீவு.

அப்போது தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"டீச்சர்... நான் செஞ்சதை நான் ஊட்டுக்கு எடுத்துக்கினு போவட்டா?"

ரேவதி. இட்லிக் கடைக்காரரின் மகள் அல்லவா... மிச்சம் வைக்காமல் பொட்டலம் கட்டுவது அவள் ரத்தத்திலேயே இருக்கிறது.

டீச்சர் நிமிர்ந்தார். "சார்! யாரும் உடைக்க வேணாம் சார். அவங்கவங்க செஞ்ச பக்கத்தை அவங்கவங்களே எடுத்துக்கட்டும்."

தலைமையாசிரியர் சந்தேகமாக எல்லோரையும் பார்த்தார். "அது... வெட்டுறதுல சேராதில்ல?"

"சேராது சார்" என்று தீர்ப்புச் சொன்னவர் ரேவதியின் அம்மா. "பிரசாதம் வாங்கினு போற மாதிரிதான். கோயில்ல குடுத்தா வேணாம்னா சொல்றோம்?"

மங்கம்மா ஆயாவும் தலையாட்டிவிட்டார். அப்பீலே கிடையாது.

பிள்ளைகள் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்தார்கள். ஒவ்வொருவரும் மலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவரவர் பங்கை ஸ்கேலால் அறுத்துப் பேப்பரில் வாங்கிக்கொண்டார்கள். உச்சி யாருக்கு என்று ஒரு நிமிஷம் பிரச்சினை வந்தது. அது எல்லோர் வீட்டிலிருந்தும் தெரிகிறதே! தலைமையாசிரியர் தன் மேல்துண்டை விரித்து, காகிதத் தீபத்தோடு உச்சியை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். இப்போது அது அவர் மேஜை மேல் இருக்கிறதாம்.

மிச்சத்தைப் பெற்றோரும் பிரசாதமாகப் பைகளில் வாங்கிக்கொள்ள, மலை குறைந்துகொண்டே வந்தது. இடுப்பு. அப்புறம் முட்டி. வடக்கே குனிந்திருந்த சிந்து நிமிர்ந்தாள். தெற்கே ரேவதியும் நிமிர்ந்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை. இருவர் மூக்கிலும் களிமண். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து, "ஏய், உன் செருப்புல ஒண்ணக் காணோம், வந்து தேடு" என்று என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். செருப்புக் குவியலில் அந்த ஒற்றைக் கால் செருப்பைக் கண்டுபிடித்துத் திரும்பி வருவதற்குள் அறை காலி. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். சிந்து பேப்பரில் சுற்றிய மண்ணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

மொபெட்டில் வரும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே போய் டிவி மேல் வைத்தாள். நான் வாயைத் திறந்தேன். திருநீறு பூசிய மண்ணாங்கட்டியை 'கீழே எடுத்து வை' என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன்.

சித்ரா பௌர்ணமியெல்லாம் முடிந்தபின் பஸ் ஸ்டாண்டில் செல்வி டீச்சரைப் பார்த்தேன். சனிக்கிழமை போலீஸ்காரர்கள் வந்தார்களாம். மலை இருந்த இடத்தில் தரையில் ஒரு பெரிய களிமண் வட்டம், எவ்வளவு கழுவியும் போகவில்லை. மங்கம்மா ஆயா விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். இடநெருக்கடியிலும் அந்த வட்டத்துக்குள் ஒருவரும் படுக்கவில்லையாம். தொப்பியைக்கூட வைக்கவில்லையாம். தலைமையாசிரியரும் மனசு மாறிவிட்டார். அடுத்த வருஷமும் ஏதாவது செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை.

"மலை மட்டும் வேணாம்மா. பஸ் ஸ்டாண்டு செய்யுங்க. வேலை முடிஞ்சா ஒரே நிமிஷத்துல இடிச்சுடலாம்."

எனக்கு என்னவோ மலைதான் சரி என்று படுகிறது. என் ஜன்னலில் தெரிவதுதான் மலை, உன் ஜன்னலில் தெரிவது ஒட்டகம்... மூன்றாம் வகுப்போடு முடிந்துவிடுகிற வியாதியா இது? சம்பந்தி வீடுகளில் பாருங்கள். ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் பாருங்கள். எல்லோருக்கும் நடுவில் ஒரு மலை நிற்கிறது. சுற்றி வந்து பார்த்தால் தெரிந்துவிடும். நாமோ வாசற்படியை விட்டு இறங்குவதில்லை.

கதையின் மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, டிவி துடைக்கும்போதுதான் அந்த மண்ணை நன்றாகப் பார்த்தேன். எங்கே அந்த இரண்டாவது மேடு? இல்லை. ஒரே சரிவாக, உருண்டையாக, உண்மையிலேயே கவிழ்த்துப்போட்ட இட்லிக் குண்டான் மாதிரியே இருந்தது.

"சிந்து! இது நம்ம பக்கம் இல்லையே?"

"இல்லம்மா. இது ரேவதியோடது."

"அப்ப நீ செஞ்சது?"

"அது அவ ஊட்ல."

"மாத்திக்கிட்டீங்களா? ஏன்?"

என்ன முட்டாள்தனமான கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நம்ம பக்கம்தான் மாடிக்குப் போனா தெரியுதே. அதயே எதுக்கு ஊட்லயும் வச்சிக்கணும்? அவ பக்கம்தான இங்கேர்ந்து தெரியாது?"

"அப்ப பழம் விட்டாச்சா?"

"அத எப்பவோ விட்டாச்சும்மா... நீ செருப்பு தேடிக்கினு இருந்தப்ப."

யார் முதலில் விட்டது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காயை உடைத்துவிட்டு வந்தேன். மண்ணாங்கட்டி இன்னும் டிவி மேல்தான் இருக்கிறது. தினமும் துடைக்கிறேன்... துணியை வலமாகச் சுற்றித்தான்.